பொடவைக்குப் பின்னால ரெண்டு பானை

ஏண்டி, உனக்கு இன்னாத்துக்குடி அது? எந்தப் பானைல போட்டேன்னு தெரிஞ்சிகினு நீ இன்னா பண்ணப்போற? கட்டுன புருசன் கேட்டாரு, சொல்லல. மாமியாக்காரி சாவுற வரைக்கும் கேட்டா, சொல்லல. நேத்து பொறந்துட்டு இன்னிக்கு வந்து என் மடில கைய உட்டுத் துழாவுறியா? போடி அந்தாண்ட.

சரி சரி, மூஞ்சத் தூக்கிக்காத. நான் போட்டதச் சொல்ல மாட்டேன். பானைய வெச்சவளப் பத்தி வோணா சொல்றேன். குந்து.

அவளுக்கும் அப்பன் ஆத்தா வெச்ச பேரு ஒண்ணு இருந்துது. கள்ளிக்குப்பத்துல யாரும் அதச் சொல்லிக் கூப்ட்டதில்ல. மூஞ்சிக்கு எதிர்ல பெரிம்மா. முதுகுக்குப் பின்னால அமெரிக்காக்காரி. நான் கல்யாணம் கட்டிகினு இந்த ஊருக்கு வந்தப்ப பொடவக் கொசுவம் கூட ஒழுங்கா வெக்கத் தெரியாது எனக்கு. வெள்ளக்காரன் ஆண்டுகினு இருந்தான். அம்பத்தூர்ல இப்ப நீ பாக்குற கம்பெனி ஒண்ணும் அப்ப கெடையாது. ஏரி, வயலு, நடுவுல பொகைய உட்டுகினு ஓடுற ரயிலு, அம்புட்டுதான். ஊர்ல வயசு ஆம்பளைங்க பாதிப் பேரு விடியக்காத்தால அந்த ரயிலப் புடிச்சி பெரம்பூர் பக்கம் பட்டறை வேலைக்குப் போவாங்க. உங்க தாத்தாவும் அதுல ஒருத்தரு. பட்டறைல சங்கு ஊதுறதுக்குள்ள உள்ள போவலன்னா கேட்ட மூடிடுவான். அன்னி சம்பளம் அம்போ. இத ஞாபகம் வெச்சிக்கோ, பின்னால வோணும்.

நான் வந்து ஒரு வருசம் இருக்கும். ஒரு மாட்டு வண்டி வந்து நின்னுச்சு. அதுலேந்து ஒரு தகரப் பொட்டி, ஒரு கறுப்புக் கொடை, அப்பறம் அவ எறங்குனா. தலை நரைக்க ஆரம்பிச்சிடுச்சு. நூல் பொடவை, ஆனா காலுல ஆம்பள பூட்சு. வண்டிக்காரன் பொட்டியத் தூக்க வந்தான். "நோ நோ"ன்னு சொல்லிட்டு அவளே தூக்கிகினா. தெருவே வாயப் பொளந்துகினு பாத்துச்சு.

அவ இந்த ஊருப் பொண்ணுதான். சின்ன வயசுலயே தாலி அறுத்துட்டா. பூந்தமல்லில சனங்களுக்கு மருந்து குடுத்துகினு இருந்த ஒரு அமெரிக்காத் தொரை ஊட்ல புள்ள பாத்துக்குற வேலைக்குப் போனா. அந்தப் புள்ள இவ ஊட்டுனாதான் துன்னுமாம். தொரை அவங்க ஊருக்குத் திரும்பறப்ப இவளையும் கப்பல்ல ஏத்தி இட்டுகினு பூட்டாங்க. போனவ திரும்பி வர இருவது வருசத்துக்கு மேல ஆயிடுச்சு. அதுக்குள்ள இங்க அப்பா, அம்மா, அண்ணன், அல்லாரும் செத்து, பூட்டுன ஊடு ஒண்ணுதான் மிச்சம். பூட்டத் தொறந்து உள்ள போயி, அன்னிக்கே பெருக்கி மொழுவி, அடுப்பப் பத்த வெச்சிட்டா.

அவகிட்ட இன்னா கேட்டாலும் பதிலு வரும். நீ கேட்டதுக்கு வராது, அவ்ளோதான். ரொம்பத் தோண்டுனா நெஞ்ச ரெண்டு தட்டு தட்டுவா. "இது மூட்ன பொட்டிடி. சாவி என்கிட்ட கீது." அப்பறம் நீ தலைகீழா நின்னாலும் வராது.

கெணத்தாண்ட பொம்பளைங்க அல்லாரும் சுத்திக்குவோம். எங்களுக்கு அமெரிக்கான்னா இன்னா தெரியும்? ஆவடிக்கு அந்தாண்ட திருவள்ளூரு, அதுக்கு அந்தாண்ட திருப்பதி, அதுக்கு அந்தாண்ட எதுவா இருந்தாலும் அமெரிக்காதான். அவ இத்துணூண்டு இத்துணூண்டா கிள்ளிப் போடுவா.

ஒரு தபா சொன்னா, அங்க பெரிய சண்டை முடியற சமயத்துல விசக் காய்ச்சல் வந்துச்சாம். செத்தவங்களுக்கு சவப்பொட்டி அடிச்சி மாளலயாம். ஊரே வாயில துணி கட்டிகினு திரிஞ்சுதாம். "தொரை, போலீசு, பால் ஊத்துறவன், கோயில்ல பிரசங்கம் பண்றவரு, அல்லாரும் வாயக் கட்டிகினாங்கடி. அந்த ஊர்ல எனக்குப் புடிச்ச வருசமே அதுதான்"னா. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். எங்க அத்தை, என் மாமியாக்காரி, சும்மா இருந்திருக்கலாம். "அந்தக் கொழந்த இன்னாச்சு, நீ வளத்தது?"ன்னு கேட்டுட்டா. பெரிம்மா கொடத்த எடுத்து இடுப்புல வெச்சிகினு ஊட்டுக்குப் பூட்டா. நெஞ்சத் தட்டக்கூட இல்ல. அந்தக் கேள்விய அப்பறம் யாரும் கேக்கல.

என் மாமனாருக்குக் கள்ளுன்னா உசுரு. அவருகிட்ட ஒரு நாளு சொன்னா, "அண்ணாத்தே, அமெரிக்கால சாராயமே ஆவாதுன்னு சர்க்காரு சட்டம் போட்டுடுச்சு."

"அய்யய்யோ! அப்ப குடிக்கிறவன் இன்னா பண்ணான்?"

"குடிச்சான்."

"எங்க?"

நெஞ்சுல ரெண்டு தட்டு. மனுசன் நாலு நாளு அவ பின்னாலயே சுத்துனாரு. கடைசில போனாப் போவுதுன்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா. அங்க ஒரு கதவு இருக்குமாம், அதுல ஒரு மாதிரியா தட்டணுமாம், தட்டுனா தொறக்குமாம். அன்னிக்கு சாயங்காலம் எங்க மாமனாரு நம்ம ஊரு கள்ளுக்கடைக்குப் போயி, ஆ-ன்னு தொறந்து கெடக்குற கடைல, மூங்கிக் கம்பத்துல டொக்கு டொக்குன்னு தட்டிகினு நின்னாரு. கடைக்காரன் தேளு கொட்டிடுச்சோன்னு வெளக்கத் தூக்கிகினு ஓடியாந்தான்.

சிரிக்கிற இல்ல? இதையும் கேளு. கடைசி வருசங்கள்ல அங்க பேங்கெல்லாம் கவுந்துடுச்சாம். தொரைக்கு இருந்த சொத்தெல்லாம் பூடுச்சு. ஒரு நாளு இவ காய் வாங்கப் போறா. தெருவுல நீட்டா ஒரு வரிச. கோட்டு போட்ட ஆம்பளைங்க, கைல தகரக் குவள, இலவசக் கஞ்சிக்கு நிக்கிறாங்க. அதுல தொரை நிக்கிறாரு, தொப்பிய கண்ணு வரைக்கும் இழுத்து உட்டுகினு. இவ அந்தாண்டத் தெருவுக்குத் திரும்பிட்டா. அவரு ஊட்டுக்கு வந்ததும் எப்பவும் போல தட்ட வெச்சி, "இன்னிக்கு வேல ஜாஸ்தியா தொரை?"ன்னு கேட்டாளாம். தொரசாணிக்குக் கடைசி வரைக்கும் தெரியாதாம். அப்பால அவங்களே கை கூப்பி, கப்பலுக்குச் சீட்டு வாங்கி அனுப்பி வெச்சிட்டாங்க. "உன்ன வெச்சி சோறு போட முடியல"ன்னு தொரசாணி அழுதாங்களாம்.

இவ்ளோ ரகசியத்த வயித்துல வெச்சிகினு ஒருத்தி எப்டிடி ஏப்பம் கூட உடாம நடந்தான்னு நான் நெனச்சிப்பேன்.

அந்தக் கொடை கீதே, அத யாரும் தொடக்கூடாது. மழைக்கும் விரிக்க மாட்டா. ஒரு நாளு நான் கேட்டேன். புதுப் பொண்ணுல்ல, என் மேல அவளுக்குக் கொஞ்சம் எரக்கம். சொன்னா. அமெரிக்கால மொத மொதலா பொம்பளைங்களும் ஓட்டுப் போடலாம்னு ஆச்சாம். தொரசாணி நல்ல கவுனப் போட்டுகினு கெளம்புனாங்களாம். இவளையும் இட்டுகினு போனாங்களாம். வாசல்ல ஒருத்தன் நின்னுகினு, நீ இந்த ஊருக்காரி இல்ல, வெளிய நில்லுன்னுட்டான். தொரசாணி இவ கைல கொடையக் குடுத்துட்டு உள்ள போனாங்க. ஒரு தெரச் சீல. அதுக்குப் பின்னால போயி எதுவோ பண்ணிட்டு வந்தாங்க. வர்ற வழியெல்லாம் தொரை கேக்குறாரு, "யாருக்குப் போட்ட, யாருக்குப் போட்ட?" தொரசாணி சிரிக்கிறாங்க. சொல்லல. "புருசன் கேட்டு ஒரு பொம்பள சொல்லாம இருந்தத அன்னிக்குதான்டி பாத்தேன். அதுக்கோசரம் ஒரு சட்டமே கீதுடி அங்க!"

அத சொல்றப்ப அவ மூஞ்ச நீ பாத்திருக்கணும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எங்க ஊரு மணியக்காரருக்கு அவ ஊட்டு மனை மேல ரொம்ப நாளா கண்ணு. அவரு மாட்டுக் கொட்டாயி பக்கத்துலதான். பூட்டுன ஊடுதானே, நாளைக்கு நம்மளுதுதான்னு நெனச்சிகினு இருந்தாரு. இவ வந்து அடுப்பு மூட்டுனது அவருக்கு வயித்துலயே மூட்டுன மாதிரி. "கடல் தாண்டுனவ, மாட்டுக்கறி துன்ற ஊட்ல பொழங்குனவ. ஊருக் கெணத்துல கயிறு போடக்கூடாது"ன்னு கெளப்பி உட்டாரு. கெணறு இல்லன்னா அந்த ஊட்ல எப்டி இருப்பா? அமெரிக்காவும் அனுப்பிடுச்சு, கள்ளிக்குப்பமும் தொரத்துனா, அவ போறதுக்கு எடம் ஏது?

மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ல ஊரக் கூட்டுனாரு. ஆம்பளைங்க குந்திகினு இருந்தாங்க. நாங்க தள்ளி நின்னோம். பெரிம்மா பூட்ச மாட்டிகினு, கொடைய இடுக்கிகினு வந்து நின்னா.

"நீ யாரு இப்ப? நம்ம சனமா? இல்ல வெள்ளக்காரன் வேதத்துல சேந்துட்டியா? வாயத் தொறந்து சொல்லு."

"அமெரிக்கால தெக்கத்திப் பக்கம் ஒரு தபா ரயில்ல போனேன் மணியக்காரரே"ன்னு ஆரம்பிச்சா. "அங்க வெள்ளக்காரங்களுக்கு ஒரு வண்டி, கறுப்புக்காரங்களுக்கு ஒரு வண்டி. மாத்தி ஏறக்கூடாது. டிக்கெட்டு பாக்குறவன் வந்தான். என்னப் பாத்தான், பொடவையப் பாத்தான். 'நீ யாரு?'ன்னான், உன்ன மாதிரியே. நான் ஒண்ணும் சொல்லல. அவன் தலையச் சொறிஞ்சான். இன்னொருத்தனக் கூப்ட்டான், அவனும் சொறிஞ்சான். ரெண்டு பேரும் சொறிஞ்சி முடிக்கிறதுக்குள்ள நான் எறங்குற ஊரு வந்துடுச்சு."

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிடுச்சு. மணியக்காரரு தலைக்குக் கொண்டுபோன கைய அப்டியே எறக்கிகினாரு.

"கத உடாத. ஊரு முடிவு பண்ணட்டும். இவ போவணும்ன்றவங்க கையத் தூக்குங்க"ன்னாரு.

தூக்காம? ஊர்ல பாதி ஊடு அவரு நெலத்த வாரத்துக்கு ஓட்டுறவங்க. எங்க ஊடும்தான். கைங்க கெளம்புது. பெரிம்மா அவருகிட்ட போயி, மெதுவா, ஆனா அல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னா: "மணியக்காரரே, கைய எண்ணி என்னத் தொரத்துனா, நாளைக்கு பூந்தமல்லி சந்தைல இன்னா பேசுவான்? உனக்கு பயந்துகினு தூக்குனாங்கன்னு பேசுவான். யாரும் பாக்காத எடத்துல பானைல போடச் சொல்லு. அப்ப ஊரே மனசாரத் தொரத்துச்சுன்னு பேரு. உனக்கும் மரியாத."

அவருக்கு மீச துடிச்சிச்சு. மரியாதன்னா அந்த மனுசன் எதையும் முழுங்குவாரு. "அதையும் பாத்துடுவோம்"னாரு.

எப்ப வெக்கிறது? உடனே பஞ்சாங்கத்த எடுத்தாரு. ஞாயித்துக்கெழம பட்டறைக்கு லீவு, அல்லாரும் ஊர்ல இருப்பாங்க. ஆனா அன்னிக்கு கரிநாளு. "ஆவாது. ஊருக் காரியம், நல்ல நேரம் பாத்துதான் செய்யணும். திங்கக்கெழம காலைல ஏர் பூட்டுற நேரம், ரொம்ப ஒசத்தி"ன்னு அவரு வாயாலயே சொன்னாரு. கணக்குப்பிள்ள, "தலைக்கட்டுக்கு ஒண்ணு, எப்பவும் போல"ன்னாரு. கூழு ஊத்துற வரி வாங்குறப்ப ஊட்டுக்கு ஒரு தலைக்கட்டுன்னுதான் கணக்கு. ஊட்டு ஆம்பள வெளிய போயிருந்தா பொம்பள கொண்டாந்து குடுப்பா. காலம் காலமா அதுதான் வழக்கம்.

பெரிம்மா ஒரே வார்த்ததான் சொன்னா. "ஆல்ரைட்டு."

புரிஞ்சிதா? திங்கக்கெழம காலைலடி! பாதி ஆம்பளைங்க ரயில்ல பூடுவாங்க, மீதிப் பேரு ஏரோட வயலுக்குப் பூடுவாங்களே! மணியக்காரரு நட்சத்திரம் பாத்தாரு, திதி பாத்தாரு, ரயில் நேரம் பாக்கல. கூட்டத்துல அது ஒருத்தனுக்கும் ஒறைக்கல. எனக்கும்தான் ஒறைக்கல. ஞாயித்துக்கெழம ராச்சோறு துன்றப்பதான் உங்க தாத்தாவுக்கே ஒறைச்சிச்சு. "நான் பட்டறைக்குப் பூடுவேன். அப்பா, அண்ணன் ஊட்டுத் தலைக்கட்டுக்குப் போடப் போறாரு. அம்மாவுக்கு காய்ச்சலு. நீதான் போவணும். கரி பூசுன பானைல போடு, தெரியுதா? மாத்திப் போட்ட, தோலு உரிஞ்சிடும்"னாரு. தங்கமான மனுசன்தான். ஆனா வாரத்து நெலம் போயிடுமோன்னு பயம். அன்னிக்கு ஒவ்வொரு ஊட்லயும் இதே பேச்சுதான் நடந்துகினு இருந்துச்சு.

திங்கக்கெழம காலைல ரயிலு கூவிகினு போச்சு. மணியக்காரரு சந்தனம் பூசிகினு வந்து பாத்தாரு. கோயில் எதிர்ல வரிசையா பொடவ. நடுநடுவுல வேலைக்குப் போவாத கெழவனுங்க நாலஞ்சு பேரு. அவரு மூஞ்ச அப்டியே எழுதி மாட்டியிருக்கலாம். ஆனா நாளும் அவரு வெச்சது, நேரமும் அவரு வெச்சது. "பொம்பளைங்கதானே, ஊட்ல சொல்லிதான் அனுப்பிச்சிருப்பாங்க"ன்னு தைரியம் சொல்லிகினு குந்துனாரு.

கோயில் மண்டபத்துல ரெண்டு தூணுக்கு நடுவுல பெரிம்மா தன் பொடவ ஒண்ணக் கட்டியிருந்தா. பின்னால ரெண்டு பானை. மஞ்சப் பூசுனது அவ இருக்கட்டும்னு. கரி பூசுனது போவட்டும்னு. கணக்குப்பிள்ள ஊட்டுக்கு ஒரு புளியங்கொட்டை எண்ணிக் குடுத்தாரு. வறுத்த கொட்டை. ஏன்னா தாலி அறுத்தவ தனியா இருக்குற ஊட்டுக்கு வழக்கத்துல அரைத் தலைக்கட்டுதான், அதுக்குப் பாதியா ஒடைக்கணும்ல. ஊர்ல அப்ப அந்த மாதிரி ஊடு அவளுது ஒண்ணுதான். அவ கைலயும் அரைக் கொட்டையக் குடுத்தாரு.

வறுத்து வெச்சது தப்பாப் பூடுச்சு. கோடி ஊட்டுக் கெழவி உள்ள போயி ரொம்ப நேரம் வரல. வந்தா வாயி அசையுது. "இன்னா கெழவி, எதுல போட்ட?"

"வாயில போட்டேன்டா. நல்லா வறுத்துகீற."

அவளுக்கு இன்னொண்ணு குடுத்து, கணக்குப்பிள்ளயே வாயத் தொறந்து பாத்து உள்ள அனுப்புனாரு.

அப்பறம் நான். பொடவைக்குப் பின்னால போனேன். போயி நின்னேன்.

எப்டி சொல்றது? பொறந்ததுலேந்து யாருனா என்னப் பாத்துகினேதான் இருந்தாங்க. அம்மா பாத்தா, நைனா பாத்தாரு, அப்பறம் அத்தை, அப்பறம் புருசன். நான் சோறு அள்ளுறது, நடக்குறது, தூங்குறது, அல்லாத்துக்கும் ஒரு கண்ணு. அங்க ஒரு கண்ணும் இல்ல. நானும் ரெண்டு பானையும் ஒரு புளியங்கொட்டையும்தான். வெளிய மணியக்காரரு இருமுறது கேக்குது. ஆனா அவரால என்னப் பாக்க முடியாது. எனக்கு சிரிப்பு வந்துச்சு. வாயப் பொத்திகினேன். தொரசாணி ஏன் சிரிச்சாங்கன்னு அப்பதான் தெரிஞ்சிது.

போட்டேன். வெளிய வந்துட்டேன்.

கணக்குப்பிள்ள பானையக் கவுத்தாரு. கரிப் பானைலேந்து ஒரு கை அளவுக்கு உழுந்துச்சு. மஞ்சப் பானையக் கவுத்தாரு. கொட்டுது, கொட்டுது, கொட்டிகினே கீது. மணியக்காரரு சந்தனம் வேர்வைல கரைஞ்சி மூக்குல வழியுது. தொடைக்கக்கூட இல்ல.

"அரைக் கொட்டையக் காணமே"ன்னாரு கணக்குப்பிள்ள. ரெண்டு பானைலயும் இல்ல. "அம்மா, உன்னுது எங்க?"

பெரிம்மா இடுப்புலேந்து சுருக்குப்பைய எடுத்து அந்த அரைக் கொட்டையக் காட்டுனா. "அமெரிக்கால என்ன வெளிய நிக்க வெச்சான். நீ அரை ஆளா உள்ள உட்ட. அவனுக்கு நீ தேவலாம். ஆனா அரை ஆளா நான் போட மாட்டேன் கணக்குப்பிள்ள. முழுசா குடுக்குற அன்னிக்கு வாங்கிக்கறேன்." திரும்ப சுருக்குப்பைல போட்டு இறுக்கிகினா. அப்பறம் நேரா கெணத்துக்குப் போயி கயிற உட்டா. ஒருத்தரும் தடுக்கல.

ஆனா சாயங்கால ரயிலு வருமே! மஞ்சப் பானைல அவ்ளோ கொட்டை எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே! ஊட்டுக்கு ஊடு தோலு உரியுமே! மணியக்காரரு ஸ்டேசன் வழிலயே நின்னுகினு, எறங்குறவங்க கிட்டல்லாம் சொல்லி அனுப்பிட்டாரு. ஆம்பளைங்க தெருக்கோடில வர்றப்பவே செருப்புச் சத்தம் ஒரு மாதிரியா கீது.

பெரிம்மா தெரு நடுவுல வந்து நின்னா. அன்னிக்குதான் அந்தக் கொடைய விரிச்சா. மழையும் இல்ல, வெயிலும் இல்ல. விரிச்சிப் புடிச்சிகினு, ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமா ஒப்பாரி மாதிரி ஆரம்பிச்சா:

"நல்லா இருங்கய்யா! பொண்டாட்டிய நல்லா அடக்கி வெச்சிகீறீங்க! ஒருத்தியாவது எனக்குப் போட்டாளா? அல்லாரும் வந்து, 'புருசன் கரிப் பானன்னு சொல்லிட்டாரு பெரிம்மா, நாங்க இன்னா பண்றது'ன்னு என்கிட்டயே அழுதாளுங்க. இந்தக் கெழவனுங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கு நான் நடுத்தெருவுலதான்!"

ஆம்பளைங்க அப்டியே நின்னாங்க. எங்கள ஒரு பார்வ, கெழவனுங்கள ஒரு பார்வ. நாலஞ்சு கெழவனுங்க எப்டிடா ஒரு பானைய ரொப்புவாங்கன்னு ஒருத்தனும் யோசிக்கல. உன் பொண்டாட்டி உன் பேச்சத் தட்டலன்னு ஊரு நடுவுல ஒருத்தி சொல்றப்ப எந்த ஆம்பளடி கணக்குப் பாப்பான்? உங்க தாத்தா மீசையத் தடவிகினே ஊட்டுக்கு வந்து, அன்னிக்கு ரெண்டு தபா சோறு வாங்கித் துன்னாரு. பாவம் எங்க மாமனாரு. அவரு உள்ள போயி இன்னா போட்டாரோ, சாவுற வரைக்கும் மணியக்காரரு அவரப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்குவாரு.

மறுநாள் கெணத்தாண்ட, பொம்பளைங்க ஒவ்வொருத்தியா அவ பக்கத்துல நவுந்து நவுந்து போயி, காதுல, "பெரிம்மா, நான் உனக்குத்தான் போட்டேன்"னு சொன்னாளுங்க. அவ ஒவ்வொருத்தி கன்னத்தையும் தட்டிட்டு காதுல எதுவோ சொன்னா. ஒவ்வொருத்தியும் மூஞ்சி மலந்து கொடத்தத் தூக்கிகினு போனா. நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லல. கயித்த இழுத்துகினு இருந்தேன். அவளே வந்து என் காதுலயும் சொன்னா:

"எனக்குத் தெரியும்டி. பொம்பளைங்கள்ல நீ ஒருத்திதான் எனக்குப் போட்ட. மத்ததெல்லாம் கெழவனுங்க. வெளிய சொல்லிடாத."